வெளியூர் போய் வேஷம் கட்டலாமா?

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கட்டலாம். அறுபது வயதுக்கு மேல் என்றால் அவசியம் கட்டலாம். நல்ல போட்டோகிராபராகப் பார்த்து, கேட்கிற காசைக் கொடுத்து, நிதானமாக உட்கார்ந்து எடுத்துக்கொள்ளலாம். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் என் மனைவியும் கொரிய உடையில் நிற்கிற படம் ஒன்று மாட்டியிருக்கிறது. 2023 அக்டோபரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது சியோலில் எடுத்தது. மகன் சுவோன் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சி ஜங்ஷனுக்கும் இருக்கிற மாதிரி, சியோலுக்கும் சுவோனுக்கும் நாள் முழுக்க ரயில் ஓடுகிறது. (பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் அந்த ரயிலைப் பற்றித் தனிப் பதிவு போடும் உத்தேசம் உண்டு. இப்போது வேண்டாம்.)

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மனைவிக்கு அண்ணன் முறையாகிற ஒருவர், "என்ன மாப்ளே, எங்க தங்கச்சியைச் சீனாக்காரி ஆக்கிட்டீங்க" என்றார். சீனா இல்லை, கொரியா என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று காபியைக் குடித்தார். பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் நாசூக்காக, "நல்லாத்தான் இருக்கு, ஆனா பட்டுப் புடவையில எடுத்திருந்தா லட்சணமா இருந்திருக்கும்" என்றார். இவர்களை விட்டுவிடலாம். காலை நடையில் எங்களோடு சேரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கேட்டதைத்தான் விட முடியவில்லை. "நம்ம உடைக்கு என்ன குறைன்னு அடுத்தவன் சட்டையை வாடகைக்கு வாங்கிப் போட்டுக்கிட்டீங்க?" இது நியாயமான கேள்வி. இதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு அந்த உடை எப்படி இருக்கும் என்று தெரியாது. பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள், தெரியும். கொரிய சீரியல் பார்க்காத பிள்ளை இப்போது திருச்சியில் கிடையாது. ஹான்போக் என்பது பெயர். பெண்களுக்கு ஜொகொரி என்று இடுப்புவரைகூட வராத குட்டை மேல்சட்டை. அதன் கீழே சீமா என்று மார்புக்கு மேலே இறுக்கிக் கட்டுகிற பெரிய பாவாடை. சட்டைக்குப் பித்தான் கிடையாது. கொரும் என்ற இரண்டு நாடாக்களை ஒரு பக்கமாக முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். ஆண்களுக்குத் தொளதொள கால்சட்டை, மேலே நீண்ட அங்கி, தலையில் கருப்புத் தொப்பி. 'காத்' என்கிற அந்தத் தொப்பியை மூங்கில் இழையிலும் குதிரை மயிரிலும் பின்னுவார்களாம். நான் போட்டது நைலான். தலையில் வைத்த மாதிரியே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு என்னவோ ஜமீன் கணக்குப்பிள்ளை மாதிரி இருந்தது.

சியோலின் நடுவே கியோங்போக்குங் என்று ஒரு பழைய அரண்மனை. 1395ல் கட்டியது. உள்ளே போக 3,000 வோன் டிக்கெட், நம் காசுக்கு நூற்று எண்பது ரூபாய்க்கு மேல். ஹான்போக் உடுத்தி வந்தால் டிக்கெட் கிடையாது, இலவசம். அந்த நாட்டு அரசாங்கமே வைத்த ஏற்பாடு இது. அதனால் அரண்மனையைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்கு பார்த்தாலும் வாடகை உடைக் கடைகள். மணிக்கணக்கில் வாடகை, தலை பின்னி விடுவார்கள், பை செருப்பை வைக்கப் பெட்டியும் கொடுப்பார்கள். இந்தோனேசியாக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், நம்ம ஆட்கள் என்று அத்தனை பேரும் ராஜா ராணியாகத் திரிகிறார்கள். சொந்த நாட்டுப் பிள்ளைகளும் ஏராளம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

தமிழாசிரியர் நண்பருக்கு என் முதல் பதில் இந்த டிக்கெட்தான். உடைக்குச் சொந்தக்காரனே "வா, உடுத்திக்கோ, உனக்குக் கட்டணம் இல்லை" என்று கூப்பிடும்போது, உடுத்துகிறவனுக்கு என்ன கூச்சம்? ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் வெள்ளைக்காரப் பெண் புடவையைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு வரும்போது நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கூப்பிட்டு நிறுத்தி மடிப்பைச் சரி செய்து விடுகிறார்கள். தலையில் பூ வைத்துவிட்டு அதற்குக் காசு வாங்காத பூக்காரம்மாவை நானே பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு வந்த அதே சந்தோஷம் சியோல் கடைக்காரம்மாவுக்கும் வரக்கூடாதா?

ஸ்ரீரங்கத்தைச் சொன்னதால் இன்னொன்று. வேற்று உடை என்று முகம் சுளிக்கும் உரிமை வேறு எந்த ஊர்க்காரருக்கும் இருக்கலாம், ரங்கநாதரின் ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. நம்பெருமாள் பகல்பத்தின் பத்தாம் நாள் மோகினியாகப் புடவையும் பின்னலுமாகக் காட்சி தருகிறார். துலுக்க நாச்சியாருக்கு நம் கோயிலுக்குள்ளேயே சன்னதி இருக்கிறது. சிலை கிடையாது, சித்திரம்தான். அந்த நாச்சியாருக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள், கைலி சாற்றுகிறார்கள். பெருமாள் கைலி கட்டிக்கொண்டபோது கெடாத ஆசாரம், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன் தொப்பி போட்டால் கெட்டுவிடுமா?

சரி, போட்டோவுக்கு வேஷம் கட்டுவது நமக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்டூடியோவில் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். மாப்பிள்ளைப் படம், வேலைக்கு மனு போடும் படம், எல்லாவற்றுக்கும் அதே கோட்டு. ஒல்லிப்பிச்சானுக்கு முதுகுப்பக்கம் குண்டூசி குத்திப் பிடித்துவிடுவார்கள். பக்கத்தில் டையும் தொங்கும், முடிச்சு அவிழ்க்காமலே வருஷக்கணக்கில். பின்னால் திரைச்சீலையில் மாளிகைப் படிக்கட்டு, ஊட்டி மலை, தாஜ்மகால். கண்ணாடி அருகே ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. திருவிழாச் சமயங்களில் அட்டை மோட்டார் கார், அட்டை ஆகாய விமானம். பையன் பிறந்தால் கிருஷ்ணர் வேஷம், பெண் பிறந்தால் ஆண்டாள் கொண்டை. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் மாசமாக இருக்கும் பெண்ணுக்கும் பூ தைத்து, பெரிய கண்ணாடி முன்னால் நிறுத்தி, முகமும் பின்னலும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. காமிராக்காரர் கண்ணாடியில் விழக்கூடாது, பிளாஷ் விழக்கூடாது, பின்னல் முழுசாக விழ வேண்டும்.

இந்த மாதிரிப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாடு முழுக்கத் தேடிச் சேர்த்து, கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்கிறார்கள். நாம் பரணில் போட்ட சரக்கு அங்கே ஆராய்ச்சிப் பொருள். நம் ஊருக்குக் காமிரா வந்து எத்தனை காலமாயிற்று என்பதும் பலருக்குத் தெரியாது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்து, 1858 வாக்கிலேயே ஸ்ரீரங்கத்தையும் மலைக்கோட்டையையும் படம் பிடித்துவிட்டார். கோபுரமும் பாறையும் அசையாதவை, அதனால் அந்தக் காலத்து மந்தமான காமிராவுக்கு வசதி.

இங்கே முக்கொம்பிலும் ஒரு கூட்டம் இருந்தது. எழுபதுகளில், எண்பதுகளில் பூங்காவுக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். கழுத்தில் காமிராவோடு நான்கைந்து பேர் நிற்பார்கள். கொள்ளிடம் மதகுப் பாலத்தின் மேல் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எடுத்துவிட்டு, நோட்டில் விலாசம் எழுதிக்கொண்டு முன்பணம் வாங்குவார்கள். பத்து நாளில் தபாலில் படம் வரும். சில சமயம் வராது. ஆடிப்பெருக்கு அன்று அவர்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அந்தக் கொள்ளிடம் மதகுகள் உடைந்து விழுந்தபோது, ஜீயபுரம் முதல் பெருகமணி வரை எத்தனை வீட்டு அலமாரிகளிலிருந்து அந்தப் பாலத்துப் படங்கள் வெளியே வந்தன என்று நினைக்கிறீர்கள்! ஆர்தர் காட்டன் 1836ல் கட்டிய மேலணை. அதைத் தனியாக நினைத்துப் படம் எடுத்தவர் எங்களில் யாருமில்லை. அத்தை நிற்கிறாள், சித்தப்பா நிற்கிறார், பின்னால் அணையும் நிற்கிறது. அப்படித்தான் எங்களிடம் அந்த அணை இருக்கிறது.

இதுவரை சொன்னது வாதத்துக்காக. இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

என் அம்மா 1987ல் போனார். அம்மாவுக்கென்று தனியாக ஒரு படம்கூட இல்லை. "போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்" என்று காமிராவைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். 1974ல் என் தங்கை கல்யாணத்தில் எடுத்த குரூப் படம் ஒன்றில், மூன்றாம் வரிசையில் பாதி திரும்பிய முகமாக இருந்தார். காரியம் முடிவதற்குள் மாலை போடப் படம் வேண்டும். அந்தத் துளி முகத்தை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு ஆர்ட்டிஸ்டிடம் போனோம். அவர் பெரிதாக்கி, பக்கத்தில் இருந்த அத்தையின் தோளை அழித்து, முகத்தை நேராக்கி, கண்ணைத் திறந்து வைத்து, அழகான நீலப் பட்டுப் புடவை ஒன்றை வரைந்து கொடுத்தார். அம்மா தன் ஆயுளில் நீலப் பட்டு கட்டியதில்லை. ஊரில் தறியில் வாங்கிய நூல் புடவைதான், அதுவும் அரக்கு அல்லது பச்சை. ஆனால் என் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டி அந்த நீலப் பட்டுப் பாட்டிதான். ஆர்ட்டிஸ்டைக் குறை சொல்ல முடியாது. கையில் கொடுத்த கடுகளவு முகத்தை வைத்து அவரால் ஆனதைச் செய்தார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? தில்லைநகர் பக்கம் போனால் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்களை நின்று பாருங்கள். பாதிக்கு மேல் ஆதார் அட்டைப் படம். அந்தப் படத்தில் யாருமே உயிரோடு இருக்கிற மாதிரி இருப்பதில்லை என்பது தனி விஷயம். மீதி, யாரோ கல்யாணத்தில் செல்போனில் எடுத்ததை வெட்டி எடுத்தது. தோளில் வேறு யாருடைய கையோ இருக்கும். முன்பெல்லாம் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துக் குடும்பமே சுற்றி நின்று படம் எடுத்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். உயிரோடு இருக்கும்போது எடுக்காமல் போனதால்தானே அது?

கொரியாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே சாவு வீட்டில் நடுவில் வைக்கிற படத்துக்கு யொங்ஜொங் சாஜின் என்று பெயர். சட்டத்தின் மேல் கருப்பு நாடா கட்டி, சுற்றிலும் வெள்ளைச் சாமந்தி வைப்பார்கள். அந்தப் படத்தைப் பெரியவர்கள் தாங்களே முன்கூட்டி ஸ்டூடியோவுக்குப் போய், ஹான்போக்கோ நல்ல கோட்டோ போட்டு எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்று இன்னொரு பெயரும் உண்டு: ஜாங்சு சாஜின். ஜாங்சு என்றால் நீண்ட ஆயுள். முன்னாலேயே எடுத்து வைத்தால் ஆயுசு கூடும் என்பது அங்கே நம்பிக்கை. எங்கள் அம்மாவின் நம்பிக்கைக்கு நேர் எதிர்! சவத்துணியைக்கூட அதிக மாதம் வருகிற வருஷத்தில் முன்னதாகத் தைத்து வைத்தால் ஆயுசு நீளும் என்பார்களாம். காசில்லாத பெரியவர்களுக்காகத் தொண்டர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் முதியோர் நிலையங்களுக்கே காமிரா, முகப்பூச்சு, ஹான்போக் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் இலவசமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். இதை மகன் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதனால்தான் அரண்மனைக்கு வெளியே செல்போனில் எடுத்ததோடு நிறுத்தாமல், ஒழுங்கான ஸ்டூடியோவுக்குப் போவது என்று முடிவானது. இரண்டு பேருக்கு உடை வாடகை 40,000 வோன், சுமார் 2,500 ரூபாய். ஸ்டூடியோவில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வோன். நம் காசுக்குப் பதினோராயிரத்தைத் தாண்டும். வீட்டம்மாவிடம் இந்த ரூபாய்க் கணக்கை இன்றுவரை சொல்லவில்லை. அவள் என் பதிவுகளைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டூடியோவில் முகம் ஒப்பனை செய்த பெண் முதல் வேலையாக மனைவியின் குங்குமத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டாள். இவள் பதற்றப்படவில்லை. கைப்பையிலிருந்து சிமிழை எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மறுபடி துடைக்கவில்லை. மூக்குத்தி, தோடு, தாலி எதையும் கழற்ற மாட்டேன் என்று மகனிடம் சொல்லச் சொன்னாள். அதற்கும் சரி என்றார்கள். பாவாடை நாடாவை மார்புக்கு மேலே இழுத்துக் கட்டியபோது, "புடவையை விட இது லேசுங்க, இடுப்புல ஒண்ணுமே உறுத்தல" என்றாள். மகன் என்னை "அப்பா" என்று கூப்பிட்டதும் அந்தப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு ஒம்மா. (தமிழுக்கும் கொரியனுக்கும் உறவு உண்டு, ஆயுத நாட்டிலிருந்து கி.பி. 48ல் கடல் கடந்து போய் ராணியான ஹோ ஹ்வாங் ஓக் நம்ம ஊர்ப் பெண்தான் என்றெல்லாம் வாட்ஸப்பில் வருகிறது. சாம்குக் யுசா என்ற அவர்களுடைய பழைய நூலில் அந்தக் கதை இருப்பது உண்மை. அயோத்தியில் அந்த ராணிக்கு நினைவிடமும் இருக்கிறது. குமரிதான் என்று நம்மவர்கள் சண்டை போடுகிறார்கள். நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை.)

எனக்கு அதைவிடப் பெரிய உறவாகத் தெரிந்தது அறுபது. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷம் ஒரு சுற்று. அவர்களுக்கும் அறுபது வருஷம் ஒரு சுற்று. நாம் சஷ்டியப்தபூர்த்தி செய்கிறோம், அவர்கள் ஹ்வாங்காப் என்று கொண்டாடுகிறார்கள். அறுபதாம் கல்யாணத்தை நான் செய்துகொள்ளவில்லை. அந்த வருஷம் மகளுக்குப் பிரசவம், ஓட்டத்திலேயே போய்விட்டது. ஸ்டூடியோக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. இருந்தும், அறுபது தாண்டிய ஜோடி என்று மகன் சொன்னதும், எங்களை நிற்க வைக்காமல் தாழ்வான மேஜைக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்.

எடுத்து முடித்ததும் அங்கேயே கம்ப்யூட்டர் முன்னால் நம்மையும் உட்கார வைத்து டச்சப் செய்கிறார்கள். இங்குதான் வந்தது வினை. எலியை நாலு தட்டுத் தட்டியதும் என் மனைவியின் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் பால்கோவா நிறத்தில் ஒரு அம்மாள் மூக்குத்தியோடு சிரிக்கிறாள். டச்சப் செய்த பெண் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்த்து, "யாருங்க இது?" என்றாள். பிறகு மகனிடம், "தம்பி, என் கலரைத் திருப்பித் தரச் சொல்லு. சுருக்கத்தை வேணா கொஞ்சம் எடுத்துக்கட்டும், கலரைத் தொடக்கூடாது. நாளைக்கு நான் இல்லாதப்ப பேத்தி பார்த்தா ஆச்சிய அடையாளம் தெரியணும்ல" என்றாள். அவன் மொழிபெயர்த்தான், எவ்வளவு மொழிபெயர்த்தானோ தெரியாது. அந்தப் பெண் எழுந்து நின்று தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் பின்னோக்கித் தட்டி, கரிக்காலி மாநிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

தமிழாசிரியரே, உங்கள் கோபத்தை வைக்க வேண்டிய இடம் இது. அந்தப் பெண்ணைச் சொல்லவில்லை; அவளுக்கு அங்கே வாடிக்கையாளர் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி. அந்தக் காலத்தில் நெகட்டிவ் மேல் பென்சில் போட்டு வெளுக்க வைத்தோம், இப்போது விரலால் தேய்த்து வெளுக்க வைக்கிறோம். இறந்துபோன கறுப்புத் தாத்தாவை பிளக்ஸில் ரோஜாப்பூ நிறமாக அடித்து நாற்சந்தியில் நிறுத்துகிறோம். உடை கழற்றினால் போய்விடும், இரண்டு மணி நேர வாடகை. தோலை மாற்றிவிட்டால் அது கழற்றுகிற வேஷமா?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரண்மனைத் தெருவில் கிடைக்கும் உடைகளில் பாதி, உள்ளே கம்பி வளையம் வைத்துப் புசுபுசுவென்று, ஜரிகையும் லேஸுமாக ஜிகுஜிகு என்று இருக்கின்றன. இதெல்லாம் ஹான்போக்கே இல்லை என்று அவர்கள் நாட்டிலேயே புலம்பல். 2024ல் அவர்களுடைய பாரம்பரியத் துறையின் தலைவரே இதைச் சரிசெய்ய வேண்டும் என்று பேசினார். நமக்கு ஒட்டிக்கோ வேட்டி வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் சாதாரண உடையைக் கேட்டு வாங்கலாம், இருக்கிறது. நாங்கள் அதைத்தான் வாங்கினோம்.

இன்னொன்று, எல்லா ஊர் உடையும் எல்லோருக்கும் போட்டோ வேஷம் அல்ல. காஷ்மீரிலும் குலுவிலும் வாடகைக்குக் கொடுத்து, கையில் குடமோ பூக்கூடையோ கொடுத்து எடுப்பதில் தப்பில்லை. ஆனால் ஊட்டியில் தோடர்களின் பூத்குளிப் போர்வை வேறு விஷயம். அவர்கள் பெண்கள் சிவப்பும் கருப்புமாகக் கையாலேயே பூ வேலை செய்கிற துணி அது. 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயிலுக்கும் விசேஷத்துக்கும் போர்த்துவார்கள். இறந்தவரைப் போர்த்துவதும் அதில்தான். அதை நாலு பேர் மேலே போட்டுக்கொண்டு 'ஊகூ' என்று கத்திப் படம் எடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தோடரிடம் காசு கொடுத்து வாங்கி, குளிருக்குப் போர்த்தி ஒழுங்காக நின்று எடுத்தால் அவர்களும் சந்தோஷப்படுவார்கள். உடுத்துகிறவன் எதற்குச் சிரிக்கிறான் என்று படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கொரியாவுக்கு எல்லோராலும் போக முடியுமா என்று கேட்பீர்கள். போக வேண்டாம். எனக்கு மகன் டிக்கெட் எடுத்தான், போனேன். நான் சொல்வது படத்தைப் பற்றி. கட்டியிருப்பது ஹான்போக்கோ, நூல் புடவையோ, ஒர்க்‌ஷாப் காக்கிச் சட்டையோ, உங்களுக்கு எது பிடிக்குமோ அதில், உங்கள் நிறத்தோடு, கண்ணைத் திறந்துகொண்டு, பக்கத்து ஆள் தோள் இல்லாமல் ஒரு படம். பிள்ளைகள் எடுப்பார்கள் என்று காத்திருந்தால் அவர்கள் செல்போனில் பிரியாணியோடு சேர்த்து எடுப்பார்கள்.

நடைக் கூட்டத்தில் இதைப் பேசிப் பேசி, கடைசியில் ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எலமனூரில் கல்யாணப் படம் எடுக்கிற பையன் ஒருவன் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முக்கொம்புப் பூங்காவுக்கு வருகிறான். ஆளுக்கு முந்நூறு ரூபாய், எட்டுக்குப் பத்து அளவில் ஒரு பிரிண்ட், லேமினேஷன் தனி. வெளுக்க வைக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லியாயிற்று. "அதுக்கு எனக்கு வேலை மிச்சம்தானே சார்" என்றான். பிடித்த உடையை அவரவர் கொண்டுவரவும். தமிழாசிரியர் தன் கல்யாணத்துப் பட்டு அங்கவஸ்திரத்தை அந்துருண்டை வாசத்தோடு எடுத்து வைத்திருப்பதாகக் கேள்வி. அவர் வீட்டம்மாவோ, "எங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கொரியாத் தொப்பி கிடைக்குமா?" என்று என் மனைவியிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறார். எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கத்து வெயில் முகத்தில் அடித்து எல்லோருக்கும் கண் சுருங்கிவிடும்.